பாலாற்றங்கரையில் ஒரு குடும்ப விடுமுறை



பள்ளி விடுமுறை நெருங்கியதும் நம் இல்லங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "எங்கே போகலாம்?" என்பது பிள்ளைகளின் கேள்வி. "போகிற இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" என்பது தாயின் கேள்வி. முதல் கேள்விக்கு உதகை, கொடைக்கானல், மூணாறு என்று விடைகள் வந்து குவியும். இரண்டாம் கேள்விக்கோ எளிதில் விடை கிடைப்பதில்லை. இறைச்சி எங்கிருந்து வந்தது என்று விடுதியில் கேட்கக் கூச்சப்பட்டு, மூன்று நாளும் ரொட்டியும் வாழைப்பழமும் தின்று ஊர் திரும்பிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு.

மலையும் காடும் அருவியும் வேண்டும். வயிறார, மனநிறைவோடு ஹலாலான உணவும் வேண்டும். ஐவேளைத் தொழுகைக்குப் பள்ளிவாசலும் பக்கத்தில் வேண்டும். செலவும் கைக்கு அடங்க வேண்டும். இவை அனைத்தும் ஒருங்கே அமைந்த இடம் தமிழகத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே விடை. அது வேலூரில் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி வரை நீளும் பாலாற்றுப் பள்ளத்தாக்கு ஆகும்.

வேலூர் என்றதும் உங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவமனைதான். நோயாளியோடு துணைக்குச் சென்று, விடுதி அறைக்கும் மருத்துவமனைக்கும் இடையே நடந்து நடந்தே ஊர் திரும்பியிருப்பீர்கள். ஆம்பூர் என்றதும் பிரியாணி நினைவுக்கு வரும். வாணியம்பாடி என்றதும் தோல் நினைவுக்கு வரும். இந்த மூன்று ஊர்களையும் ஒரு விடுமுறைக்காக எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இம்முறை எண்ணிப் பாருங்கள். மூன்று நாள்கள் போதும். வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடிப்பது மிகவும் பொருத்தமாக இருக்கும். காரணம் பின்னே வருகிறது.

எப்போது செல்லலாம்?

மே மாதத்தில் வேலூரின் வெயில் நாடறிந்தது. பாறை மலைகள் சூழ்ந்த நகரமாதலால் பகலில் வாங்கிய வெப்பத்தை அவை இரவிலும் உமிழ்ந்துகொண்டிருக்கும். ஆகவே கோடையில் செல்வதானால் ஏலகிரி மலையிலேயே தங்குவது நல்லது. ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையுமே இப்பயணத்துக்கு உகந்த காலம். அப்போது அருவிகளில் நீர் இருக்கும். மலைகள் பசுமை போர்த்திருக்கும். இரவு வானமும் தெளிந்திருக்கும்.

சென்னையிலிருந்து வேலூர் சுமார் 140 கிலோமீட்டர். இரயிலில் வருவோர் காட்பாடியில் இறங்க வேண்டும். காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை ஆகிய நிலையங்கள் அனைத்தும் ஒரே பாதையில் அமைந்திருப்பதால், சொந்த வாகனம் இல்லாத குடும்பத்தாரும் இந்தப் பயணத்தைத் தயக்கமின்றி மேற்கொள்ளலாம். 2019ஆம் ஆண்டு பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ஏலகிரியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன.

முதல் நாள்: காடும் கோட்டையும்

வெள்ளிக்கிழமை காலை சுபுஹுத் தொழுகைக்குப் பின் புறப்பட்டு அமிர்தி செல்லுங்கள். வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையின் அடிவாரக் காட்டில் அமைந்த இடம் இது. வனத்துறையின் சிறிய விலங்குக் காட்சிச்சாலை ஒன்று இங்கு உண்டு. மானையும் மயிலையும் பார்த்துவிட்டு, மழைக்காலத்தை ஒட்டிச் சென்றால் ஓடையையும் அருவியையும் காணலாம். சவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தன மரங்களுக்குப் பெயர்பெற்றது. காட்டுக்குள் நடக்கும்போது பிள்ளைகளிடம் சத்தம் போட வேண்டாம் என்று சொல்லி, ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கச் செய்யுங்கள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் பழக்கிய செவிகளுக்குப் பறவையின் குரலும் இலையின் சலசலப்பும் மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கும்.

ஜும்ஆவுக்கு வேலூர் திரும்பிவிடலாம். தென்னாட்டு ஆலிம்கள் பல தலைமுறைகளாக ஓதிப் பட்டம் பெற்ற பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி இந்நகரில்தான் இருக்கிறது. அஃலா ஹஸ்ரத் என்று போற்றப்படும் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் நிறுவியது அது. "நம் ஊர் இமாம் ஓதிய இடம்" என்று பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்ட உங்களில் பலருக்கு வாய்ப்பு இருக்கும்.

வெயில் தாழ்ந்தபின் கோட்டைக்குச் செல்லுங்கள். 16ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின்கீழ் இருந்த நாயக்கர்கள் எழுப்பிய கருங்கல் கோட்டை இது. சுற்றிலும் அகழி, உள்ளே கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் உள்ளன. பள்ளிவாசலில் இப்போது தொழுகை நடைபெறுவதில்லை; அஸருக்கு நகரின் பள்ளிவாசல் ஒன்றில் தொழுதுவிட்டு வருவதே முறை.

இக்கோட்டையில் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு நிறைந்திருக்கிறது. 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் உயிர்நீத்தபின், அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் ஆங்கிலேயர் இங்கேதான் வைத்திருந்தனர். 1806ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் விடியுமுன் இக்கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றியில் சமயக் குறி அணியக் கூடாது, விருப்பம்போல் தாடி வைக்கக் கூடாது, தோலால் ஆன குஞ்சம் பொருத்திய புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்று இட்ட ஆணைகள் இந்துச் சிப்பாய்களையும் முஸ்லிம் சிப்பாய்களையும் ஒருசேரப் புண்படுத்தின. 1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, இரு சமூகத்தாரும் தோளோடு தோள் நின்று பரங்கியரை எதிர்த்த இடம் இது. ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அன்றே அக்கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கியது. இலங்கையின் கண்டி நாட்டைக் கடைசியாக ஆண்ட ஸ்ரீவிக்கிரம ராசசிங்கனும் இங்குச் சிறையிருந்து, 1832ஆம் ஆண்டு இவ்வூரிலேயே மறைந்தான். அவன் நினைவாகப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் எழுந்துள்ளது.

மாலை வெயிலில் அகழி நீரில் கோட்டைச் சுவரின் நிழல் விழும் அழகைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அந்தச் சுவருக்குப் பின்னால் தந்தையை இழந்த இளவரசர்கள் வளர்ந்தார்கள் என்பதையும் அவர்கள் நினைக்கட்டும்.

இரண்டாம் நாள்: ஆம்பூரின் தேக்சா

சனிக்கிழமை காலை ஆம்பூரை நோக்கிப் புறப்படுங்கள். வேலூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். நெடுஞ்சாலையும் இரயில் பாதையும் பாலாற்றின் போக்கையே பெரிதும் ஒட்டிச் செல்கின்றன.

நண்பகலுக்கு முன்பே ஆம்பூர்க் கடைகளில் தேக்சாவின் மூடி திறக்கப்படும். ஆர்க்காட்டு நவாபுகளின் சமையற்கூடத்திலிருந்து இந்தப் பிரியாணி வந்ததாகச் சொல்லுவார்கள். நீண்ட பாஸ்மதி அரிசி இதற்கு ஆகாது. சிறுமணிச் சீரகச் சம்பாவே ஆம்பூர் பிரியாணியின் உயிர். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் இதற்கு நிறத்தையும் காரத்தையும் தருகிறது. தயிரும் தக்காளியும் புதினாவும் மல்லித்தழையும் சேர்ந்த இறைச்சிக் கலவையில், பாதி வெந்த அரிசியைக் கொட்டி, மூடியின்மேல் தணலைப் பரப்பித் தம்மில் வைப்பார்கள். வாசனைப் பொருள்களின் நெடி மூக்கைத் துளைக்காது. நெய்யும் அளவோடுதான் இருக்கும். ஆகவே சிறு பிள்ளைகளும் முதியவர்களும் உண்டால் வயிற்றுக்குக் கேடு செய்வதில்லை.

கூடவே வெங்காயத் தயிர்ப் பச்சடியும் புளி சேர்த்த கத்தரிக்காய்க் குழம்பும் வரும். வேலூரை அடுத்த இலவம்பாடியின் முள் கத்தரிக்காய் புவிசார் குறியீடு பெற்றது. காம்பில் முள் இருக்கும். காய் வெண்ணெய்போல் வெந்துவிடும். சந்தையில் கிடைத்தால் இரண்டு கிலோ வாங்கி வந்து உங்கள் வீட்டிலும் சமைத்துப் பாருங்கள். இனிப்புக்கு மக்கன் பேடா உண்டு. ஆர்க்காட்டுக்குப் பெயர்தந்த பண்டம் இது. உள்ளே பருப்புகளைப் பொதித்துப் பொரித்துப் பாகில் ஊறவைப்பது.

ஹலாலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழ்வதால் இந்தக் கவலை உங்களுக்கு இராது. வேலூர் நகரிலும் முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்கள் நிறைய உண்டு. மலைமேல் மட்டும் கவனம் தேவை. ஏலகிரியின் விடுதிகளில் தயங்காமல் கேளுங்கள்: "இறைச்சி யாரிடம் வாங்குகிறீர்கள்? அறுப்பது யார்?" பணிவாகக் கேட்டால் எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். விடை தெளிவாக இல்லையென்றால் காய்கறி உணவோடு நிறுத்திக்கொள்ளலாம். அல்லது வாணியம்பாடியிலேயே பொட்டலம் கட்டிக்கொண்டு மலை ஏறலாம்.

பாலத்தின்மேல் ஒரு கேள்வி

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். உண்டு முடித்ததும் நேரே மலைக்குப் போய்விடாதீர்கள். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பாலாற்றுப் பாலத்தருகே வண்டியைச் சற்று நிறுத்துங்கள். பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துச் சென்று ஆற்றைக் காட்டுங்கள்.

"அத்தா, இதுவா ஆறு? தண்ணீர் எங்கே?" என்று உங்கள் பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இந்த விடுமுறை என்று நான் சொல்வேன்.

பாலாறு கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழகத்தில் நுழைந்து, 348 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கும் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மேலே மணலாகத் தோன்றினாலும், மணலுக்கடியில் ஊற்று வற்றாத ஆறு என்று பெயர் பெற்றது. அந்த ஊற்றும், சுற்றுவட்டாரத்தில் கிடைத்த ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் இங்குத் தோல் தொழிலை வேரூன்றச் செய்தன. நம் முன்னோரில் பலர் அத்தொழிலில் கைதேர்ந்தனர். கப்பலேற்றிச் செல்வம் ஈட்டினர்.

அச்செல்வத்தை அவர்கள் தம் மாளிகைகளில் மட்டும் முடக்கவில்லை. வாணியம்பாடியில் 1919ஆம் ஆண்டு இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. ஆம்பூருக்கு அருகே 1924ஆம் ஆண்டு தோல் வணிகர் காகா முஹம்மது உமர் அவர்கள் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார். அவர் பெயராலேயே அவ்வூர் உமராபாத் ஆயிற்று. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் வள்ளன்மையை அவர் பெயர் தாங்கிய கல்லூரி இன்றும் நினைவூட்டுகிறது. ஆம்பூர் காலணி ஆலைகளில் இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் உழைத்துக் குடும்பத்தைக் காக்கின்றனர். ஹஜ்ஜுப் பெருநாளில் உங்கள் ஊரில் மதரஸாவுக்கு நீங்கள் அளிக்கும் குர்பானித் தோலும் இந்தப் பள்ளத்தாக்கை நோக்கி வருவதுண்டு. ஆகவே இத்தொழில் நமக்கு அயலானது அன்று, பழிக்கத்தக்கதும் அன்று.

ஆனால் நடந்ததை மறைப்பதும் நமக்கு அழகன்று. பட்டை கொண்டு பதனிட்ட காலத்தில் ஒரு தோல் ஆயத்தமாக வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு வந்தபின் வேலை விரைந்தது, ஆலைகள் பெருகின, கழிவும் பெருகியது. தோல் அழுகாமலிருக்கத் தடவிய உப்பும், மயிர் நீக்கப் போட்ட சுண்ணாம்பும், குரோமியமும் கலந்த நீர் ஆண்டாண்டுகளாக ஓடைகளிலும் வயல்களிலும் ஆற்றிலும் விடப்பட்டது. கிணறுகள் உவர்த்தன. நெல் விளைந்த நிலங்கள் வெளிறின. குடிநீர்க் குடத்தோடு தாய்மார்கள் நெடுந்தொலைவு நடந்தனர்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று வெளிவந்த அத்தீர்ப்பு இன்று நாடெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பாகும். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிர் செய்யத் தகுதியற்றுப் போனது என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் துணையின்றி ஆலைகள் இயங்க முடியாத நிலை வந்தது. கழிவு நீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கும் பல ஆலைகள் மாறின. தம் பொருளைச் செலவிட்டு இதைச் செய்த தொழிலதிபர்களைப் பாராட்ட வேண்டும்.

எனினும் வழக்கு முடிந்துவிடவில்லை. 2025ஆம் ஆண்டு சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. இன்னும் இழப்பீடு பெறாதோருக்கு அதை வழங்க வேண்டும் என்றும், அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் அரசு வசூலிக்க வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்று உழவராக இருந்தவர்களில் எத்தனை பேர் இழப்பீட்டைக் காணாமலே கண்மூடினரோ!

ஆற்றின் வறட்சிக்குத் தோல் ஆலைகள் மட்டுமே காரணம் என்று சொல்வதும் நீதியாகாது. மேலே கட்டிய தடுப்பணைகளும், கீழே அள்ளிய மணலும், பொய்த்த மழையும் பங்கு பெற்றுள்ளன. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது, இந்த ஆறு இன்னும் சாகவில்லை என்பதை அனைவரும் கண்டுகொண்டனர்.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து உளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்பது நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பாடம். அந்தப் போதனையை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை நம் வீட்டில் உண்டு. ஆனால் ஓடும் ஆற்றையே காணாமல் வளர்ந்தால் அதன் பொருள் எவ்வாறு மனத்தில் பதியும்? பாலத்தின்மேல் நின்று இதை எடுத்துச் சொல்லுங்கள், அது பதியும்.

நாம் உண்ணும் இறைச்சி ஹலாலா என்று கேட்கத் தாய் தயங்குவதில்லை. அந்த ஆட்டின் தோல் எங்கே போயிற்று, அதைப் பதனிட்ட நீர் யாருடைய கிணற்றில் இறங்கியது என்றும் நாம் கேட்க வேண்டாமா? தட்டில் இருப்பது மட்டும் ஹலாலாக இருந்தால் போதுமா? அதை ஈட்டிய வழியும், அதனால் அண்டை வீட்டான் அடையும் நலமும் தீங்கும் கணக்கில் வருபவை அல்லவா? ஹலால் என்ற சொல்லோடு தூய்மை என்ற சொல்லையும் சேர்த்தே நம் மார்க்கம் பேசுகிறது. இந்த ஆறு நமக்குச் சொந்தமன்று, அமானிதமாக ஒப்படைக்கப்பட்டது. நாளை இந்தத் தொழிலை நடத்தப் போகிறவர்களும், அதைக் கண்காணிக்கப் போகிற அதிகாரிகளும், அதற்கு மாற்று காணப் போகிற விஞ்ஞானிகளும் இன்று உங்கள் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை இரவு: காவலூரின் வானம்

பாலத்தில் கனத்த மனம் மாலையில் மலைமேல் இலேசாகும். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலையின் காவலூருக்குச் செல்லுங்கள். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானோக்ககம் இங்கு உள்ளது. ஊர் விளக்குகளின் ஒளி எட்டாத இருண்ட காடு என்பதாலேயே அறிஞர் வைணு பாப்பு இவ்விடத்தைத் தேர்ந்தார். அவருடைய தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானோக்ககத்தில் பணியாற்றியவர். 1986ஆம் ஆண்டு இங்குத் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1988ஆம் ஆண்டு இங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

பொதுவாகச் சனிக்கிழமைகளில்தான் பொதுமக்களுக்கு இங்கு அனுமதி. வானம் தெளிந்திருந்தால் சிறிய தொலைநோக்கி ஒன்றின் வழியே இரவு வானத்தையும் காட்டுவார்கள். புறப்படுமுன் விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள். மலைப்பாதையாதலால் இரவில் ஓட்டும்போது மிகுந்த நிதானம் தேவை.

குளிர்கால வானில் ஒளிரும் ரைஜல், அல்டெபரான் ஆகிய விண்மீன்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முதலாவது, கால் என்று பொருள்படும் ரிஜ்ல் என்ற அரபுச் சொல். இரண்டாவது, பின்தொடர்வது என்று பொருள்படும் அத்தபரான். உலகமெங்கும் வானியலார் இன்றும் இப்பெயர்களையே வழங்குகின்றனர். கிப்லாவையும் தொழுகை நேரத்தையும் கணிக்க வானத்தை நோக்கிய நம் முன்னோரின் அறிவுத்தேட்டம் அந்தப் பெயர்களில் இன்னும் ஒளிர்கிறது. இரவு வாணியம்பாடிக்கே திரும்பித் தங்கலாம்.

மூன்றாம் நாள்: ஏலகிரி

ஞாயிறு காலை பொன்னேரி அடிவாரத்திலிருந்து ஏலகிரி ஏறுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் தமிழ்ப் புலவர் அல்லது வள்ளல் ஒருவரின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர்ப்பலகையை முதலில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மிட்டாய் என்று அறிவித்துவிட்டால், வளைவில் தலைசுற்றுகிறது என்ற முனகல் எழாது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். உதகையின் குளிரும் இல்லை. உதகையின் நெரிசலும் விலையும் இல்லை. புங்கனூர் ஏரியில் படகில் செல்லலாம். இயற்கைப் பூங்காவில் பிள்ளைகள் ஓடி விளையாடலாம். கால் வலுவுள்ளோர் சுவாமிமலை உச்சிக்கு நடக்கலாம். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுதும் விரிந்து கிடக்கும். கோடையில் சென்றால் பலாப்பழ வாசனை தெருவெங்கும் வீசும். இம்மலையிலும் சவ்வாது மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் விற்கும் தேனையும் சாமையையும் பேரம் பேசாமல் வாங்குங்கள். அவர்களைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

ஏலகிரியின் மறுபுறம், திருப்பத்தூர் வழியாகச் சென்றால் ஜலகாம்பாறை அருவி. மலையில் பெய்த மழை ஆட்டாறாக இறங்கிப் பாறையில் விழும் இடம் அது. அதன் அடியில் நின்று நனையும்போது, நேற்றுப் பாலத்தில் கேட்ட கேள்வியை நினைவூட்டுங்கள். நீர் இங்கே எவ்வளவு தெளிவாக இருக்கிறது! நம் வாசலுக்கு வந்தபின் அது என்ன ஆகிறது!

தாய்மார்களுக்குச் சில குறிப்புகள்

எல்லாப் பள்ளிவாசல்களிலும் பெண்கள் தொழ இடவசதி இராது. ஆகவே விரிப்பும் கிப்லா காட்டும் கருவியும் பையில் இருக்கட்டும். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதற்கும் சேர்ப்பதற்கும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். குடிக்க நல்ல தண்ணீரை வீட்டிலிருந்தோ நம்பகமான இடத்திலிருந்தோ எடுத்துச் செல்லுங்கள். அருவிக்கரையில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து உண்டபின், இலையையும் எலும்பையும் நெகிழித்தாளையும் ஒரு பையில் கட்டி ஊருக்குள் கொண்டுவந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள். குரங்குகளுக்கு உணவு எறியாதீர்கள். ஆற்றைக் கெடுத்தவர்களைப் பற்றிப் பேசிவிட்டு அருவியை நாமே கெடுத்து வந்தால், பிள்ளைகள் நம் சொல்லை விட்டுவிட்டு நம் செயலைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

வாசக நேயர்களே! வீடு திரும்பிய பின் ஆம்பூர் பிரியாணியின் சுவை சில நாள் நாவில் நிற்கும். ஏலகிரியின் குளிர் சில நாள் நினைவில் நிற்கும். ஆனால் ஒரு மாலை, உளூச் செய்ய அமர்ந்த உங்கள் பிள்ளை, எவரும் சொல்லாமலே குழாயைச் சற்று இறுக்கித் திருகினால், இந்த விடுமுறை வீண்போகவில்லை என்று எண்ணி மகிழுங்கள். பாலாறு மீண்டும் ஓட அந்தச் சிறு கை ஒருநாள் துணை நிற்கும், இன்ஷா அல்லாஹ்.